ஒன்பதாம் எண் நாற்காலி

திருத்துறைப்பூண்டியில் அனீஸா என்று பெயரைச் சொல்லிக் கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். "நாற்காலியில உக்காந்து பாத்துச் சொல்லுவாங்களே, அந்த அக்கா" என்றால் ஆட்டோக்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை மீரா சாகிப்பின் மரச்சாமான் கடைக்கு வழி காட்டுவார்கள். கடைக்கு வந்திறங்கும் ஒவ்வொரு நாற்காலியிலும் முதலில் அவள்தான் உட்கார வேண்டும். அதற்காகத்தான் மீரா சாகிப் அவளை வேலைக்கு வைத்திருக்கிறார். உட்கார்ந்து எழுந்திருக்கச் சம்பளமா என்று ஊரில் ஆரம்பத்தில் சிரித்தார்கள். முதுகுவலி வந்தவர்கள் ஒவ்வொருவராக அவளைத் தேடி வர ஆரம்பித்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

அவளுக்கு இது ஆசைப்பட்டு வந்த வித்தை இல்லை. கணவன் பாசித் பதினான்கு வருடம் தோஹாவில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். ஒரு கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, முதுகுத்தண்டில் இரண்டு கம்பியும் ஆறு திருகுமாக 2018 ஜனவரியில் ஊருக்குத் திரும்பினான். நடக்க முடிந்தது. நிற்க முடிந்தது. உட்காரத்தான் முடியவில்லை. தரையில் உட்காரவே கூடாது, அதற்காக நாள் முழுக்கப் படுத்தும் கிடக்கக் கூடாது, நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்காருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நல்ல நாற்காலி எது என்று அவர் சீட்டில் எழுதித் தரவில்லை.

வீட்டில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலி அவன் உட்கார்ந்தால் பின்னங்கால் விரிந்து வளைந்தது. வெளிநாட்டுச் சம்பளத்தில் முதன்முதலாக வாங்கிய சோபா அவனை உள்ளே இழுத்துக்கொண்டது. அதிலிருந்து தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. கடைசியில் அவன் சமையல் மேடையில் தட்டை வைத்து நின்றுகொண்டே சாப்பிடப் பழகினான். அந்த வருடம் நோன்பு முழுவதும் நின்றபடியேதான் நோன்பு திறந்தான். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் நாலு நாலு பேராக ஒரு சஹன் தட்டைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட, அவன் மட்டும் கையில் தட்டோடு சுவரோரம் நின்றான். அடுத்த கல்யாணத்துக்கு, எனக்குத் தலை வலிக்கிறது, நீ மட்டும் போய்விட்டு வா என்றான். அதற்கடுத்த கல்யாணத்துக்குத் தலைவலி என்றுகூடச் சொல்லவில்லை.

அதன்பிறகுதான் அனீஸா நாற்காலி தேட ஆரம்பித்தாள். தெரிந்த இடங்களில் கேட்டு ஒரு வாரத்துக்கு ஒன்று என்று ஆட்டோவில் ஏற்றி வந்தாள். வக்கீல் வீட்டு நாற்காலி, மருந்துக்கடை நாற்காலி, நூலகத்தில் ஓரம் கட்டிப் போட்டிருந்த பழைய தேக்கு நாற்காலி என்று பதினோரு நாற்காலிகள் அந்த வீட்டுக்கு வந்து போயின. ஒவ்வொன்றிலும் முதலில் அவள் உட்கார்ந்தாள். பிறகு பாசித்தை உட்காரவைத்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கே வலிக்கிறது என்று அவன் சொல்வதற்கு முன்பே அவன் தாடை இறுகுவதை வைத்து அவளுக்குத் தெரிந்துவிடும்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சில விஷயங்கள் பிடிபட்டன. உட்காரும் பலகை முழங்காலின் பின்மடிப்பைவிட உயர்ந்துவிட்டால் பாதம் தொங்கி இடுப்பை இழுக்கிறது. பலகை நீளமாகிவிட்டால் முதுகு சாய்மானத்தைத் தொடுவதே இல்லை; பலகையின் முனைக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே மூன்று விரல் போக வேண்டும். முனையை உருட்டி இழைக்காவிட்டால் கால் மணி நேரத்தில் தொடை மரத்துப்போகிறது. கடைசியாகத் தெரிந்துகொண்டது நூலக நாற்காலியிடம். பாசித் அதில் இருபது நிமிடம் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தான். எழப் போனபோது முடியவில்லை. இரண்டாம் முறை முயன்றபோதுதான் அனீஸா குனிந்து பார்த்தாள். முன்கால்கள் இரண்டையும் இணைத்துக் கீழே ஒரு குறுக்குச்சட்டம் போட்டிருந்தார்கள். மனிதன் எழ வேண்டுமானால் பாதத்தைப் பின்னுக்கு இழுத்து ஊன்ற வேண்டும். அந்தச் சட்டம் பாதத்தை மறித்தது.

அந்த நவம்பரில் கஜா புயல் அடித்தது. ஊரில் நின்ற மரத்தைவிட விழுந்த மரம் அதிகம். அனீஸா வீட்டுக் கொல்லையில் இருந்த வேம்பும் சாய்ந்தது. அதை அறுக்க வந்தவன்தான் தியாகு. வேதாரண்யம் சாலையில் பட்டறை வைத்திருந்தான். கதவு, ஜன்னல், பூஜை அலமாரி செய்வான். செதுக்கு வேலையில் கெட்டிக்காரன். மரத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவன் கேட்டபோது, ஒரு நாற்காலி வேண்டும் என்றாள் அனீஸா. பாசித்தின் முழங்கால் உயரத்துக்கு அடுப்படிச் சுவரில் அவள் சாக்பீஸால் போட்டிருந்த கோட்டைக் காட்டினாள்.

மரம் காய்ந்து, நாற்காலி தயாராகி வர ஏழு மாதம் ஆனது. வந்தது சரியாக இல்லை. சாய்மானம் நிமிர்ந்து நின்றது. தியாகு பிரித்து மாட்டினான். இப்போது கைப்பிடி குட்டையாக இருந்தது. ஊன்றி எழ முடியவில்லை. மறுபடி பிரித்தான். இப்படி நான்கு முறை. ஒரு தடவைகூட அவன் முகம் கோணவில்லை. அளவைச் சொல்லுங்க அக்கா என்பான். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு போய்விடுவான்.

ஐந்தாம் முறை கொண்டுவந்து போட்ட அன்று மதியம் மீன் குழம்பு. பாசித் உட்கார்ந்தான். முன்னால் மேசையை இழுத்துப் போட்டுத் தட்டை வைத்துவிட்டு அனீஸா அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். அவன் முகத்தைப் பார்க்க அன்று அவளுக்குத் தைரியம் வரவில்லை. கையில் கரண்டியோடு சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெகுநேரம் தட்டில் விரல் படும் சத்தம்தான் வந்தது. பிறகு, "இன்னும் கொஞ்சம் சோறு வை" என்று குரல் வந்தது. ஒன்றரை வருடத்தில் அவன் இரண்டாம் முறை சோறு கேட்டது அன்றுதான். நின்றுகொண்டு சாப்பிடுகிறவன் பசிக்குச் சாப்பிடுவான், ருசிக்குச் சாப்பிட மாட்டான். அவள் சோறு போடும்போது தியாகு வாசலில் முதுகைக் காட்டி நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நாற்காலியைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர்தான் மீரா சாகிப். உட்கார்ந்து பார்த்துவிட்டு, மறுநாளே அவளைக் கடைக்கு வரச் சொன்னார். அவள் வேண்டாம் என்று கழிக்கும் நாற்காலியைக் கடையில் வைப்பதில்லை என்று வாக்கும் கொடுத்தார். பெரும்பாலும் அதைக் காப்பாற்றினார்.

2023இல் மாவட்ட மரவேலைக்காரர்கள் சங்கம் மன்னார்குடியில் ஒரு கல்யாண மகாலைப் பிடித்து நாற்காலிப் போட்டி வைத்தது. முதல் பரிசு ஒரு இழைப்பு மெஷின். நடுவர்கள் மூன்று பேர். தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் வடிவமைப்பு சொல்லிக்கொடுக்கும் இசைவாணி அழகுக்கு மதிப்பெண் போட வேண்டும், ஐம்பது. அனீஸா சௌகரியத்துக்கு, அதற்கும் ஐம்பது. இரண்டு நாற்காலிக்குச் சமமாக மதிப்பெண் வந்தால் தீர்த்துவைக்க மீரா சாகிப். தியாகுவும் போட்டிக்கு நாற்காலி கொண்டுவருகிறான் என்று தெரிந்ததும் அனீஸா சங்கத்துக்குப் போன் செய்து, அவர் எங்களுக்கு ரொம்ப வேண்டியவர், வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். நாற்காலியில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும், வாருங்கள் என்று விட்டார்கள்.

மொத்தம் பதினான்கு நாற்காலிகள். மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்று சங்கத்தார் நினைத்திருந்தார்கள். அனீஸா ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம் உட்காருவேன் என்றாள். உட்கார்ந்த உடனே எல்லா நாற்காலியும் நல்ல நாற்காலிதான் என்று அவள் சொன்னதை இசைவாணி தன் நோட்டில் எழுதிக்கொண்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, முக்காட்டைச் சரிசெய்து, அவள் ஒன்றாம் எண்ணில் உட்கார்ந்தாள். கூட்டம் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு சலித்துப்போய் டீ குடிக்கப் போய்விட்டது.

ஒன்பதாம் எண் முன்னால் வந்து நின்றபோது அவளே உட்காராமல் பார்த்துக்கொண்டு நின்றாள். தேக்கு. சாய்மானம் முழுக்க ஒரே ஒரு தாமரை, இதழ் இதழாக மலர்ந்து நின்றது. தண்டு வளைந்து இறங்கி இரண்டு கைப்பிடிகளிலும் அன்னமாக முடிந்தது. முன்கால்களுக்கு நடுவே தண்ணீர் அலைபோல ஒரு சட்டம். யார் செய்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூலைப் பொருத்தில் இரும்புத் திருகு இல்லை, மூங்கில் ஆணி. அவள் வீட்டு நாற்காலியிலும் அதே மூங்கில் ஆணிதான். இசைவாணி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாற்பத்தெட்டு போட்டார்.

அனீஸா உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தாமரையின் நடுமொட்டு முதுகெலும்பில் வந்து நின்றது. அதைத் தவிர்க்க முன்னால் நகர்ந்தாள். அப்போது பலகையின் முனை தொடையை அறுத்தது. எழுந்து பார்க்கலாம் என்று பாதத்தைப் பின்னுக்கு இழுத்தாள். குதிகால் அந்த அலைச் சட்டத்தில் போய் இடித்தது.

அவள் மறுபடி சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பாதத்தை மறிக்கும் சட்டம் எப்படிப்பட்டது என்று தியாகுவுக்குத் தெரியும். அவளே அவனுக்கு விளக்கியிருக்கிறாள். தெரிந்தும் அழகுக்காகப் போட்டிருக்கிறான். மண்டபத்தின் கடைசி வரிசையில் அவன் மனைவி சௌந்தரநாயகியோடு உட்கார்ந்து இந்தப் பக்கம் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். சௌந்தரநாயகி பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள். அனீஸா தாளில் முப்பது என்று எழுதினாள். மேலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாள். முதுகு எரிந்தது. பாசித்தை இதில் உட்காரவைத்தால் அவன் தாடை எப்படி இறுகும் என்று நினைத்துப் பார்த்தாள். முப்பதை அடித்துவிட்டுப் பதினெட்டு என்று போட்டாள்.

முதல் பரிசு குத்தாலத்து ரஞ்சித் என்பவருக்குப் போனது. பாலிஷ்கூட இல்லாத பூவரசு நாற்காலி. இசைவாணியே முதலில் அதைக் கடந்து போய், பிறகு அதன் சாய்மானத்தின் வளைவைப் பார்க்கத் திரும்பி வந்தார். ஒன்பதாம் எண்ணுக்கு எந்தப் பரிசும் இல்லை.

மகாலின் கார் நிறுத்தும் இடத்தில் தியாகு அவளைத் தேடி வந்தான். நாற்காலியைச் சாக்கில் சுற்றிக் கட்டிச் சின்ன வேனில் ஏற்றியாகிவிட்டது. மதிப்பெண் விவரம் அவனுக்குத் தெரிந்திருந்தது, ஆனாலும் கேட்டான்.

"நீங்க எவ்வளவு போட்டீங்கக்கா?"

"பதினெட்டு."

"என்னோடதுன்னு தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிட்டிருக்கலாம். "தெரியும் தம்பி. ஆணியப் பாத்தே தெரிஞ்சுது" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் வேனின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "உங்க வீட்டு நாற்காலிய நாலு தடவ பிரிச்சு மாட்டுனேன். ஒரு வார்த்த சொன்னேனா?" என்று மட்டும் கேட்டான். சௌந்தரநாயகி வேனுக்குள்ளிருந்து அவளைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பாசித்துக்கு வருத்தம். முப்பதாவது போட்டிருக்கலாமே, அவன் இல்லையென்றால் நான் இன்னும் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பேன் என்றான். நீங்கள் அதில் அரை மணி நேரம் உட்காருவீர்களா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவளுக்கும் மனசு ஆறவில்லை. சரியாகச் செய்தோம் என்ற நினைப்பு ஒரு பக்கமும், அந்தப் பட்டுப்புடவை ஒரு பக்கமுமாகப் பல நாள் சோறு இறங்கவில்லை.

ஆனால் ஒன்பதாம் எண் வீணாகிவிடவில்லை. யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் சுற்றவிட்டார்கள். திருவாரூரில் கல்யாண மேடை அலங்காரம் செய்கிற ஒருவர் தேடி வந்து அதை எடுத்துப் போனார். பின்னாலேயே ஆறு நாற்காலிக்குச் சொன்னார். தியாகுவின் தாமரை நாற்காலியில் மணப்பெண்கள் உட்கார்ந்த படங்கள் அனீஸாவின் போனுக்கும் வந்தன. அழகாகத்தான் இருந்தன. மீரா சாகிப் அவளிடம் மெல்லக் கேட்டார், உன் கணக்கு தப்பிவிட்டதோ என்று. அனீஸா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மணப்பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். முதுகுக்கும் தாமரைக்கும் நடுவே ஒரு ஜாண் இடைவெளி. அவள் அதை அவரிடம் சொல்லவில்லை. ஆனால் நுனியில் உட்கார்ந்தாலும் அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பதும் அவள் கண்ணில் பட்டது.

அதுவரை கடைக்கும் நாற்காலி செய்து தந்துகொண்டிருந்த தியாகு எட்டு மாதம் அந்தப் பக்கம் வரவில்லை. மீரா சாகிப் வேறு தச்சரை வைத்துச் சமாளித்தார்.

அந்த நேரத்தில்தான் சைத்தூன் பீவி வந்தார். பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வீட்டிலேயே இடியாப்பம் பிழிந்து விற்பவர். விடிந்தது முதல் பத்து மணிவரை அடுப்பு முன்னால் நிற்க வேண்டும். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. டாக்டர் வேலையை விடச் சொல்கிறார், விட முடியாது. உட்கார்ந்துகொண்டே பிழிய ஒரு நாற்காலி வேண்டும். ஆனால் சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தால் கை அடுப்பு உயரத்துக்கு எட்டாது. ஸ்டூலில் உட்கார்ந்தால் முதுகுக்குத் துணை இல்லை, அச்சை அழுத்தும்போது வழுக்குகிறது. புதிய தச்சர் இரண்டு முறை செய்து பார்த்தார். மூன்றாம் முறை பிரிக்கச் சொன்னபோது, இதற்கு மேல் வேறு ஆளைப் பாருங்கள் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு அனீஸா வேதாரண்யம் சாலைக்குப் பஸ் ஏறினாள்.

பட்டறையில் மூன்று தாமரை நாற்காலிகள் பாதி வேலையில் நின்றன. தியாகு உப்புத்தாளால் ஒரு கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வாங்க என்றான். தேய்ப்பதை நிறுத்தவில்லை. சௌந்தரநாயகி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே நின்றாள். அனீஸா போட்டியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சைத்தூன் பீவியைப் பற்றிச் சொன்னாள். நிற்கும் உயரத்துக்கும் உட்காரும் உயரத்துக்கும் நடுவில் ஒரு உயரம் வேண்டும், பலகை லேசாக முன்னால் சரிய வேண்டும், ஆனால் வழுக்கக் கூடாது என்றாள். அவன் கை தானாக மெதுவானது. காதிலிருந்து பென்சிலை எடுத்துப் பக்கத்தில் கிடந்த பலகைத் துண்டில் ஏதோ கிறுக்கினான். பாதம் வைக்கக் கீழே கட்டை வேண்டுமே என்றான். வேண்டும், ஆனால் எழும்போது மறிக்கக் கூடாது என்றாள். இருவரும் ஒரே நேரத்தில் பாதி வேலையில் நின்ற நாற்காலியின் அலைச் சட்டத்தைப் பார்த்தார்கள்.

தியாகு உப்புத்தாளைக் கீழே வைத்தான்.

"மேடைக்காரர் போன வாரம் போன் பண்ணாரு" என்றான் தியாகு. "பொண்ணுங்க சாஞ்சு உக்கார முடியலன்னு சொல்றாங்களாம். மூணு மணி நேரம் உக்காரணும்ல. தாமரைய எடுத்துட்டுச் செய்யுங்கன்னாரு. எனக்கு மனசு வரல."

அனீஸா செருப்பைக் கழற்றினாள். பாதி முடிந்த நாற்காலியில் உட்கார்ந்து சாய்ந்தாள்.

"எடுக்காதீங்க" என்றாள். "மேல தூக்கிருங்க. தோளுக்கு மேல. அங்க எந்த முதுகும் வந்து படாது. பொண்ணோட தலைக்குப் பின்னாடி பூ நிக்கும்."

தியாகு எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்தான். அவள் முக்காட்டுக்கு மேலே உள்ளங்கையை வைத்து உயரம் பார்த்தான். பிறகு கீழே குனிந்து, கேட்காமலேயே, முன் சட்டத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டான். அதை எடுத்துவிடுவதாக அர்த்தம். சௌந்தரநாயகி இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று மறந்துபோச்சு என்றாள். அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது அனீஸாவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. இருக்கை மோசமான இருக்கை. அவள் அதைக் கவனிக்கவில்லை.

இடியாப்ப நாற்காலி மூன்று முறை பிரித்து மாட்டப்பட்டது. கடைசியில் அதை எடுத்துக்கொண்டு தியாகுவும் அனீஸாவும் விடிகாலையில் சைத்தூன் பீவி வீட்டுக்குப் போனார்கள். அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. சைத்தூன் பீவி உட்கார்ந்தார். பாதத்தைக் கட்டையில் வைத்தார். அச்சில் மாவை நிரப்பிப் பிழிய ஆரம்பித்தார். ஒரு ஈடு வெந்து இறங்கியது. இரண்டாவது ஈடு ஏறியது. அவர் நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அரிசி சரியில்லை, மாவு நூலாக வராமல் அறுந்துபோகிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று பொரிந்துகொண்டே பிழிந்தார்.

தியாகுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலி எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொல்லி அனீஸாவைப் பார்த்து ஜாடை காட்டினான்.

"கேக்காதீங்க" என்றாள் அவள் மெதுவாக. "மாவத் திட்டிக்கிட்டு இருக்காங்கல்ல. நாற்காலி ஞாபகமே வரல. திட்டட்டும்."

மூன்றாவது ஈட்டில் சைத்தூன் பீவி இரண்டு தட்டுகளில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்து அவர்களிடம் நீட்டினார். இரண்டு பேரும் வாங்கிக்கொண்டு, உட்கார வேறு இடம் இல்லாததால், வாசற்படியில் நின்றபடியே சாப்பிட்டார்கள்.